இடப்பக்கம் இலுப்பை, வலப்பக்கம் வௌவால்

பிப்ரவரி 20

கொசுவலையை வெட்டிவிட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த இரட்டைக் கட்டில் கொசுவலை. அறுபது பைகள் தேறின. ஒவ்வொன்றுக்கும் வாயில் நாடா கோத்துத் தைத்து முடிக்கும்போது இடுப்பு விட்டுப் போயிற்று.

அவர் பார்த்துவிட்டு, "நம்மளக் கொசு கடிச்சாப் பரவால்ல, இலுப்பப் பூவக் கடிக்கக் கூடாது, என்ன?" என்றார். சிரித்தேன். பிரம்மநாயகம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, மனநிலை நன்றாக இருந்தால் என் வீட்டுக்காரர் வேடிக்கையாகத்தான் பேசுவார்.

ஆற்றங்கரை சாஸ்தா கோவில் தோப்பில் பங்குனியில் இலுப்பை பூக்கும். பாதிக் கிளைகளுக்குப் பை கட்டி வௌவாலை விலக்க வேண்டும். மீதியைத் திறந்து விட வேண்டும். வைகாசிக் கடைசியில் எதில் எத்தனை காய் என்று எண்ண வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு மொத்தமும் இவ்வளவுதான். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு போல இருக்கும். இதற்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. ஒரு வருடம் கோவில்காரர்கள் பந்தல் போட என் கிளைகளை வெட்டினார்கள். ஒரு வருடம் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்கு முந்திய மூன்று பங்குனியும் அவருடைய வௌவால் ஆய்வுக்கு வலைக் கம்பு பிடித்தேன். அவர் டாக்டர் ஆகிவிட்டார்.

பல்கலைக்கழகம் இரண்டு தடவை தவணை நீட்டியாயிற்று. டிசம்பர் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இது எனக்குக் கடைசிப் பூ.

களக் குறிப்புக்குத் தனி நோட்டுப் போடு என்று எங்கள் இருவருக்கும் நெறியாளரான பால்வண்ணன் சார் சொல்வார். எனக்கு அது சரிப்படாது. இரண்டு நோட்டு வைத்தால் ஒன்று தொலையும். உப்பு புளியும் இந்த டைரியில்தான், பூக்கணக்கும் இதில்தான். நாளுக்கு ஒரு பக்கம், நுணுக்கி எழுதினால் தாராளம்.

மார்ச் 4

இலை முழுக்கக் கொட்டிவிட்டது. கிளை நுனிகளில் மொட்டுக் கொத்து. மூங்கில் ஏணியில் நானே ஏறினேன். "ஏணியப் பிடிக்க நான் வாரேன்" என்று நேற்று சொன்னவருக்குக் காலையில் தலைவலி. கோவிலில் பெருக்குகிற சொர்ணம் அக்கா பிடித்தாள்.

பை கட்டிய கிளைக்கு வெள்ளை நூல், திறந்த கிளைக்குச் சிவப்பு நூல்.

பால் பாக்கெட் சொல்லி வைக்க வேண்டும்.

மார்ச் 14

பூ விரியத் தொடங்கிவிட்டது. பொழுது சாய்ந்ததும் மணம் ஊர் வரை வருகிறது. வௌவால் வந்து பூவின் தடித்த இதழை வாயால் கவ்வி உருவி, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகிறது. தன் முகத்தில் மகரந்தம் ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. அடுத்த மரத்தில் அதைக் கொண்டு போய்ச் சேர்த்ததும் தெரியாது. காலையில் தரையெல்லாம் துப்பிய சக்கை, சொர்ணம் அக்கா திட்டிக்கொண்டே கூட்டுகிறாள்.

நான் பூ எண்ணுகிறேன். அவர் தன் அடுத்த கட்டுரைக்காக ஆறே முக்காலிலிருந்து எட்டு வரை வௌவாலை எண்ணுகிறார். குட்டைமூக்குப் பழந்தின்னி என்பது இந்த வௌவால் இனத்தின் பெயர். இன்று எட்டு என்றார். ஒரே தோப்பில் அவர் அண்ணாந்து ஒரு பக்கம், நான் அண்ணாந்து ஒரு பக்கம். பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 21

மூன்று நாளாக அவர் இல்லை. கோயம்புத்தூரில் கூட்டாளியின் புது வீட்டுப் பால்காய்ச்சு. பூ உச்சத்தில் இருக்கிற மூன்று நாள் பார்த்தா பால் காய்ச்சுவார்கள் என்று கேட்டேன். "அவன் என்ன இலுப்பையக் கேட்டா முகூர்த்தம் குறிப்பான்" என்றார்.

சிவப்பு நூல் கிளைகளில் விரிந்த பூ: 18-ஆம் தேதி 212, 19-ஆம் தேதி 340, 20-ஆம் தேதி 288.

இன்று வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் உட்கார்ந்தார்.

"மூணு நாளும் எத்தன வந்துச்சு? நீ அங்கனதான இருந்த, பாத்திருப்பல்லா?"

"நான் பூவைப் பாத்தேன். வவ்வால எங்க பாத்தேன்?"

"சும்மா ஒரு கணக்குச் சொல்லு. பூ கூடுனா அதுவும் கூடும், பூ கொறஞ்சா அதுவும் கொறையும். அதுக்கேத்த மாதிரி போடு. வவ்வாலு வந்து சாட்சி சொல்லவா போவுது?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூவைப் பத்தால் வகுத்தேன். 21, 34, 29. அவர் நோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கும்.

மார்ச் 22

கிளை வாரியாக மொத்தக் கணக்கு முடிந்தது. திறந்த கிளைகள் 60, பூ 1,310. பை போட்ட கிளைகள் 60, பூ 1,260. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி எண்ணிக்கை கீழே பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். சொர்ணம் அக்காவைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன், வேடிக்கைக்குத்தான். பெருவிரல் ரேகை வைக்கவா என்று கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டி 'சொர்ணம்' என்று போட்டாள்.

மார்ச் 25

பங்குனி உத்திரம். குலசாமி கும்பிட ஊர்ப்பட்ட வண்டி. பை என்ன ஆகுமோ என்று காலை ஐந்தரைக்கே போய் ஏணிக்கடியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் பிய்க்கவில்லை. அதற்கு மேல் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், "எந்த வேண்டுதலுக்குப் பை கட்டணும், எதுக்கு நூல் கட்டணும்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் சொர்ணம் அக்கா, "பை கட்டுனா பிள்ளை, நூல் கட்டுனா உத்தியோகம்" என்று அடித்துவிட்டாள்.

சாயங்காலம் எண்ணினால் அறுபது பை அறுபத்து நான்காகியிருக்கிறது. நாலும் கைக்குட்டை. சிவப்பு நூலுக்கோ கணக்கே இல்லை. நல்லவேளை, 22-ஆம் தேதியே கிளைகளை அடையாளத்தோடு எழுதி வைத்தேன். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் எது என் நூல், எது ஊரார் நூல் என்று சாஸ்தாவே வந்தாலும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 9

காய்ச்சல். ரசம் வைத்துப் படுத்துவிட்டேன். அவர் ஹோட்டலில் சாப்பிட்டார்.

ஜூன் 12

எண்ணி முடித்தேன். திறந்த கிளைகளில் 173 காய். பை போட்டவற்றில் 14.

ஏணியிலிருந்து இறங்கியதும் சொர்ணம் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "பாஸா டீச்சர்?" என்றாள், நோட்டும் கையுமாகத் திரிகிற நான் அவளுக்கு டீச்சர்தான். பாஸ்தான் அக்கா என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் செல்போனிலிருந்து முகத்தை எடுக்காமல், "பாத்தியா, என் வவ்வாலு இல்லன்னா உன் மரத்துக்கு வக்கில்ல" என்றார். வேடிக்கைதான். இருந்தாலும் இன்று ஒரு நாள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 2

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் காலி. ஆகஸ்டுக்குள் நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்திருந்தால் அவருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரும். பால்வண்ணன் சார்தான் வழி சொன்னார்: வௌவாலைத் தனியாக எழுதினால் எவனும் போட மாட்டான், மரத்தையும் வௌவாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுது.

"நீ எழுதுட்டி. உனக்குத்தான் இங்கிலீஷ் வரும். ரெண்டு பேரு பேரும் போடுவோம்" என்றார் அவர்.

பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். இடப்பக்கம் இலுப்பை, வலப்பக்கம் வௌவால். இலுப்பை நட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் முதல் பூ. வௌவால் ஒரு வயதுக்குள் இனப்பெருக்கத்துக்குத் தயார். மரம் ஆயிரக்கணக்கில் பூத்து நூற்றுக்கணக்கில் காய்க்கும். வௌவாலுக்கு ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. ஆண் வௌவால் இலைநரம்பைக் கடித்துக் கடித்து மடக்கிக் கூடாரம் கட்டும், பெண்கள் வந்து தங்கும். குட்டியைச் சுமப்பதும் பால் கொடுப்பதும் பெண்கள். கூடாரத்துக்கு மட்டும் சொந்தக்காரன் ஆண். இதைத் தட்டச்சு செய்யும்போது அவர் கட்டிலில் படுத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசைக்கு வந்தேன். ஒன்று இல்லாமல் மற்றொன்று. இலுப்பைக்கு வௌவால் வராவிட்டால் பத்தில் ஒரு பங்குகூடக் காய்ப்பதில்லை. வௌவாலுக்கு இலுப்பை போனால் கொய்யா இருக்கிறது, நாவல் இருக்கிறது, வாதாம் இருக்கிறது.

ஜூலை 3

அட்டவணை தவிர வேறொன்றும் புதிதாக எழுதவில்லை, அதையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொண்டேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்ததையே எடுத்து வைத்தேன். ஒரு தடவை ஒழுங்காக எழுதியதை எதற்கு இன்னொரு தடவை எழுத? அதில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'மரம் நின்ற இடத்தில் நின்று கொடுக்கிறது, வௌவால் வந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறது, இருவரில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை எண்ணித்தான் சொல்ல முடியும்.' இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருக்கும்.

சார் படித்துவிட்டுத் துள்ளினார். உச்ச நாட்களில் பத்துப் பூவுக்கு ஒரு வௌவால், இவ்வளவு கச்சிதமான பொருத்தத்தைத் தன் முப்பது வருட சர்வீசில் பார்த்ததில்லை என்றார். கட்டுரைத் தலைப்பிலேயே அதைப் போடச் சொன்னார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். நானும் தலைப்பை மாற்றித் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 28

கட்டுரை வந்துவிட்டது. பிரம்மநாயகம், பால்வண்ணன். இரண்டு பேர்தான்.

கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி. 'களத்தில் உதவிய திருமதி ஆவுடைச்செல்விக்கும், ஏணி தந்து உதவிய கோவில் நிர்வாகத்துக்கும்.'

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேரப் போட்டா இன்டர்வியூல ஒருமாதிரி பாப்பாங்கன்னு சார் சொன்னாரு. எனக்குக் கிடைச்சா உனக்குக் கிடைச்ச மாதிரிதான? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குத."

மூஞ்சியைத் தூக்கவில்லை. இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 15

வேலை கிடைத்துவிட்டது. தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். நான் பாயசம் வைத்தேன். இனிப்புத் தூக்கல் என்றார். தூக்கல்தான்.

அங்கே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு வருவாராம். ஒற்றைக் கட்டில் அளவில் ஒரு கொசுவலை வாங்கி வந்து பெட்டியில் வைத்தார். இங்கே என்னைக் கொசு பிய்க்கிறது.

அக்டோபர் 10

ஆய்வேட்டைத் தட்டச்சு முடித்து, திருட்டு எழுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே படித்து, எந்த வரி எங்கிருந்து எடுத்தது என்று சிவப்பில் காட்டிவிடும். பத்து சதவீதம் வரைக்கும் விடுவார்கள். எனக்கு என்ன பயம்? நான் எவரிடமிருந்தும் எடுக்கவில்லை.

அக்டோபர் 17

நூலகர் ஷம்ஷாத் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆவுடை, நாப்பத்திமூணு காட்டுதும்மா."

"என்ன மேடம் சொல்லுதீங்க? நாலு புள்ளி மூணா?"

"நாப்பத்திமூணு. அதுலயும் முப்பத்தொம்போது ஒரே ஆளுகிட்டருந்து எடுத்திருக்கு."

"யாரு?"

மேடம் திரையை என் பக்கம் திருப்பினார். வாயால் சொல்லக் கூச்சப்பட்டார் போல. மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. என் அட்டவணை சிவப்பு. என் 173, என் 14, எல்லாம் சிவப்பு. 'மரம் நின்ற இடத்தில் நின்று கொடுக்கிறது' சிவப்பு. ஓரத்தில் மூலம் என்று போட்டு அவர் பெயர்.

என் மரத்தை நான் என் புருஷனிடமிருந்து திருடியிருக்கிறேன். ஆட்டோவில் வரும்போது வாய்விட்டு அழுதேன். ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டார்.

நவம்பர் 6

கல்வி நேர்மைக் குழு. மூன்று பேர். சொற்களை மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். சொல் மாறினாலும் தரவு அவருடையதுதானே, அது எப்படி உங்களுடையதாகும் என்று கேட்டார்கள். நான்தான் எண்ணினேன் என்றேன். மூல களக் குறிப்பு இருந்தால் 28-ஆம் தேதி கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பதிவு ரத்துக்குப் பரிந்துரைப்போம் என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

பால்வண்ணன் சார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது, மாணவர்கள் கொண்டு வந்த தரவை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்றார்.

நவம்பர் 16

சனிக்கிழமை. வந்தார். சாரும் அவரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களாம். உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல். 'எனது களத் தரவுகளைத் தனது ஆய்வேட்டில் பயன்படுத்திக்கொள்ள என் மனைவி ஆவுடைச்செல்விக்கு முழு மனதுடன் அனுமதி அளிக்கிறேன்.'

"இதக் கொடு. ஒரு வரி நன்றி போட்டாப் போதும், பட்டம் கொடுத்திருவாங்க. சார் பேசிட்டாரு."

"எனது களத் தரவுகள்னா?"

"ஒரு பேச்சுக்கு எழுதுறதுதான."

"ஏணில ஏறுனது யாரு?"

"இப்ப உனக்குப் பட்டம் வேணுமா, ஏணி வேணுமா? உனக்காவத்தான எழுதித் தாரேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தச் செய்யணும்?"

அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் சோற்றை எனக்கே பிச்சையாகப் போட்டுவிட்டு, தட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நவம்பர் 17

மீன் குழம்பு. அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "உங்கிட்ட டைரி இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு. அதத்தான் கொடுக்கப் போறேன்."

ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். பிறகு, "மார்ச்சு மாசத்த என்ன செய்வ?" என்றார்.

மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

"பத்தால வகுத்தத எழுதி வச்சிருக்கியா? கிறுக்கி. அந்த ஒரு தாளக் கிழிச்சிரு ஆவுடை. அத அவங்க பாத்தா என் கட்டுரை போச்சு. கட்டுரை போனா வேலையும் போச்சு. வேல போனா நாம என்ன செய்ய? நீ எழுதிக் கொடுத்த கணக்குத்தான அது, உனக்கு மட்டும் பட்டம் கொடுப்பாங்களா?"

டைரியை எடுத்துப் பார்த்தேன். 21-ஆம் தேதியின் முதுகில்தான் 22-ஆம் தேதி இருக்கிறது. ஒரே தாள். இந்தப் பக்கம் அவருக்காக நான் போட்ட பொய்க் கணக்கு. அந்தப் பக்கம் நூற்று இருபது கிளைகள், கிளைவாரியாக என் பூ, கீழே சொர்ணம் அக்கா கையெழுத்து. இதைக் கிழித்தால் அது போய்விடும். அதைக் கொடுத்தால் இதுவும் கூடவே போகும்.

காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ ஏன் தனி நோட்டு போடல?" என்றார்.

நவம்பர் 20

மாமியார் போன் செய்தார். மகன் வேலைக்கு உலை வைக்காதே என்று அழுதார். எப்போதும் இடுப்பு வலியைச் சொல்வார், இன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 24

அவர் இந்த வாரம் வரவில்லை. தோப்புக்குப் போனேன். இலை அடர்த்தியாக இருக்கிறது. பங்குனியில் கட்டிய நூல்கள் வெளுத்துப் போய் அப்படியே தொங்குகின்றன. கைக்குட்டை ஒன்றும் கிடக்கிறது. அந்தச் சென்னைப் பெண்ணுக்குப் பிள்ளை உண்டாயிற்றாம், போன வாரம் வந்து பொங்கல் வைத்தாளாம். சொர்ணம் அக்காவுக்கு ஒரே பெருமை. "உங்களுக்கு என்னாச்சு டீச்சர், பட்டம் கொடுத்துட்டாங்களா?"

டைரியைக் கேட்டிருக்கிறார்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 28

குழுவில் உள்ள மூவருக்கும்.

பத்தரைக்கு உங்கள் முன்னால் வந்து இந்த டைரியைக் கொடுக்கப் போகிறேன். வாயால் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் இதில் பால் பாக்கெட்டையும் மீன் குழம்பையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். பூக்கணக்கை மட்டும் தனியாகப் பிரித்துத் தர எனக்கு வழி தெரியவில்லை.

எனக்குப் பட்டம் வேண்டும். ரொம்ப வேண்டும். ஏழு வருடம் வேறு எதையும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் என் பூவை இன்னொருவர் தயவில் வாங்கிய பூவாகக் காட்டி அது வேண்டாம்.

இலுப்பையின் கணக்கு அத்தனையும் நிஜம். ஏறி எண்ணினேன், சாட்சி இருக்கிறது. வௌவாலின் கணக்கில் மூன்று நாள் பொய். அதைப் போடச் சொன்னவர் அவர், போட்டவள் நான். அந்த மூன்று நாளில்தான் கட்டுரையின் தலைப்பே நிற்கிறது. அந்தப் பொருத்தம் தோப்பில் இல்லை, எங்கள் வீட்டு மேஜையில் உண்டானது. அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

ஒரு தாளையும் கிழிக்கவில்லை. அவர் எழுதித் தந்த அனுமதிக் கடிதத்தையும் இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். மார்ச் 21-க்கும் 20-க்கும் நடுவில், அடையாளத்துக்கு. அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.